வாவிக்கரை வீட்டின் வண்ணங்கள்

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனையை அண்டிய பகுதிவரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கே வயல் சூழ்ந்த நிலத்தைப் படுவான்கரை என்றும் அந்நாட்டு மக்கள் வழங்குவர். சூரியன் எழுகின்ற கரை ஒன்று. படுகின்ற கரை மற்றொன்று. இவ்விரு கரைகளிலும் அமைந்த ஊர்களுள் நடந்து செல்பவர் கண்ணை முதலிற் கவர்வது வீடுகளின் நிறமேயாகும். பச்சைச் சுவருக்கு மஞ்சட் கரை; ஊதாச் சுவருக்கு வெள்ளைப் பூவேலை; நீல யன்னலுக்குச் சிவப்புக் கம்பி. உள்ளே புகுந்தால் பூப்போட்ட திரைச்சீலை, பல நிறப் பாய், கடதாசிப் பூச்சாடி, கண்ணாடி அலுமாரியில் அடுக்கிய பீங்கான், சுவர் நிறையப் படங்கள். ஓரங்குல இடமேனும் வெறுமையாய் விடப்பட்டதாகத் தோன்றாது.

இதனைக் கண்டு, “இவ்வளவு நிறம் எதற்கு?” என்று கேட்போர் உளர். நகரத்துக் கல்வி பெற்ற சிலர், வெண்சுவரும் வெறுந்தரையுமே நற்சுவைக்கு அடையாளம் என்று கருதுவர். ஆயின் ஒரு மக்கட் கூட்டத்தின் சோடனையை அதன் வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தல் வேண்டும். வாவிக்கரை வீட்டின் நிறம் எளிதிற் கிடைத்ததன்று. யார் எந்த அளவு அலங்கரிக்கலாம் என்று வரையறுத்த காலம் ஒன்று இருந்தது. அந்த வரையறையைக் கடந்து வந்த கதையே இந்நிறங்களின் கதை.

பதினேழாம் நூற்றாண்டிலிருந்து தொடங்கலாம். 1602ஆம் ஆண்டில் ஒல்லாந்தக் கடலோடி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பிலே கரையிறங்கினான். 1628இல் போர்த்துக்கேயர் அங்கே கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். கரையோரத்தில் ஐரோப்பியர் கோட்டை இருந்தபோதிலும், அந்நிலப்பகுதியின்மீது கண்டி அரசரின் மேலாண்மை நெடுங்காலம் உணரப்பட்டே வந்தது. அக்காலக் கண்டி இராச்சியத்தின் வாழ்வைப் பற்றி எழுதியவருள் முதன்மையானவர் இரொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர். கிழக்குக் கரையிலே, திருகோணமலைக்கு அண்மையிலுள்ள கொட்டியாரத்தில் பிடிபட்டு, பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறையிருந்து தப்பியவர் அவர். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூலில் ஒரு செய்தி காணப்படுகின்றது. பொதுமக்கள் மாடி வீடு கட்டலாகாது. கூரைக்கு ஓடு போடலாகாது. சுவருக்குச் சுண்ணாம்பு பூசலாகாது என்பதே அச்செய்தி. வெள்ளைக் களிமண் கொண்டு சிலர் சுவரை மெழுகிக் கொண்டனர் என்றும் அவர் குறிப்பிடுகின்றார்.

இன்று எவரும் பொருட்படுத்தாத சுண்ணாம்பு வெள்ளை, அன்று தலைவர்களுக்கே உரிய பெருமையாயிருந்தது என்பது இதனால் விளங்கும். எளிமைக்கு அடையாளம் என்று இந்நாளிற் கூறப்படும் வெண்சுவர், ஒரு காலத்தில் எளியவர்க்கு மறுக்கப்பட்ட ஆடம்பரமே.

அரசன் ஆணை ஒருபுறமிருக்க, ஊர்வழக்கமும் சோடனையை அளந்தே கொடுத்தது. மட்டக்களப்பிலே அதற்கு வரிசை என்று பெயர். திருமணம், பெண் பருவமெய்தல், மரணம் ஆகிய நிகழ்ச்சிகளின்போது ஒரு குடும்பம் தன் வீட்டை எவ்வாறு அலங்கரிக்கலாம் என்பது, அக்குடும்பத்தின் சாதியையும் குடியையும் பொறுத்திருந்தது. கூரையின்மேல் வைக்கப்படும் முடிகளும், நடந்து வருவதற்காக நிலத்தில் விரிக்கப்படும் நிலபாவாடையும், தலைக்குமேலே கட்டப்படும் மேற்கட்டியும் இவ்வரிசைகளுட் சில. கோயிலிலே யார் முதலில் மரியாதை பெறுவது என்பதுபோலவே, வீட்டிலே யார் எத்தனை அலங்காரம் செய்வது என்பதும் ஊரார் கண்காணிப்புக்கு உட்பட்டது. உரிமைக்கு மேற்பட்டுச் சோடித்தவன் ஊரின் கோபத்துக்கு ஆளானான்.

இவற்றுள் சிறப்பாகக் கருதத்தக்கது வெள்ளை கட்டுதல். கட்டாடி என வழங்கப்பட்ட சலவைத் தொழிலாளர், தம்மிடமுள்ள தூய துணிகளைக் கொண்டுவந்து, வீட்டின் கூரைமரமும் கிடுகும் கண்ணுக்குத் தெரியாதவாறு மேலே விரித்துக் கட்டுவர். சுவரையும் துணியால் மறைப்பர். பெயர் வெள்ளை என்றாலும், நாளடைவில் நிறச்சேலைகளும் அதனோடு இடம்பெற்றன. புகையேறிக் கறுத்த மண்வீடு, ஓரிரவில் துணி மாளிகையாக மாறிவிடும். விழா முடிந்ததும் துணி அவிழ்க்கப்படும். மாளிகை மறைந்து மண்வீடு மீளும். ஏழையின் வீட்டுக்கு வண்ணம் வந்த வழிகளுள் இதுவும் ஒன்று. அது இரவலாக வந்த வண்ணம். இரண்டு நாளைய வண்ணம்.

அந்த அழகைப் புகழும்போது, அதற்குப் பின்னாலிருந்த கைகளை மறத்தல் நீதியன்று. வெள்ளை கட்டியவர், தாம் கட்டிய மேற்கட்டியின்கீழே விருந்தினராய் அமரும் உரிமை பெற்றவரல்லர். பிறர் வீட்டை மாளிகையாக்கிய அத்தொழிலாளரின் சொந்த இல்லத்துக்கு அதே சோடனை மறுக்கப்பட்டது. பரம்பரை ஊழியமாகக் கருதப்பட்ட அக்கடமையை மறுப்பவர்க்கு வாழ்வு எளிதாயிருக்கவில்லை. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம், சாதியின் பெயரால் பொதுவிடங்களில் ஒருவரைத் தடுத்தலைக் குற்றமாக்கிற்று. சட்டம் ஒருபுறமும், கல்வியும் கூலித்தொழிலும் மறுபுறமும் நின்று, பழைய ஊழியக் கட்டுகளைப் படிப்படியாகத் தளர்த்தின. வெள்ளை கட்டும் வழக்கம் குன்றியது கண்டு வருந்துவோர், அதனோடு குன்றிய இழிவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி, இவ்வீடு யாருடையது என்று கேட்டல் வேண்டும். மட்டக்களப்புச் சமுதாயத்தின் தனித்தன்மை இவ்வினாவிலேயே அடங்கியிருக்கின்றது. அங்கே குடி என்பது தாய்வழியே தொடர்வது. ஒரு பிள்ளை தந்தையின் குடியைச் சேர்வதில்லை. தாயின் குடியையே சேரும். தமிழரிடையே மட்டுமன்றி, அப்பகுதி முஸ்லிம்களிடையேயும் இக்குடிமுறை வேரூன்றியிருந்தது. முதுசம் எனப்பட்ட பரம்பரைச் சொத்து பெண்வழியே செல்லுமாறு விதித்த முக்குவர் சட்டம், கேரளத்து மருமக்கள்தாய முறையோடு நெருங்கிய ஒப்புமை உடையது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நிறைவேறிய பின், முக்குவர் சட்டம் நீதிமன்றங்களில் வழக்கிழந்தது. அதே 1876இல் பிறிற்றோ என்பவர் அச்சட்டத்தைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். வழக்கிழந்தது நீதிமன்றத்திலேயே; வளவுகளில் அன்று. தாயின் வீடு மகளுக்குச் செல்லும் ஒழுங்கு, சீதனம் என்ற பெயரோடு தொடர்ந்து நிலைத்தது.

அவ்வொழுங்கு இவ்வாறு நடைபெறும். மூத்த மகளுக்கு மணம் முடிந்ததும், பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டை அவளுக்குக் கொடுப்பர். மணமகன் தன் ஊரை விட்டு, மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வான். பெற்றோரோ அதே வளவில் சிறியதொரு குடிலுக்கோ, அடுத்த மகளுக்கென எழுகின்ற வீட்டுக்கோ பெயர்வர். அவளுக்கும் மணம் நிகழ்ந்தால் மீண்டும் ஒரு பெயர்ச்சி. இவ்வாறு ஒரு தாய், தன் வாழ்நாளில் மூன்று நான்கு வீடுகளைக் கட்டியெழுப்பிச் சோடித்து, இறுதியில் ஒரு சிறு குடிலில் அமைதி காண்பாள். ஊரிலுள்ள அண்ணன்மார் தம் திருமணத்தைத் தள்ளிவைத்து, தங்கைமாரின் வீட்டுக்குக் கல் சுமந்தனர்.

ஆகவே வாவிக்கரை வீட்டின் வண்ணம் ஒரு பெண்ணின் பெயரால் எழுதப்பட்ட வண்ணம். மணநாளன்று அவ்வீடு புத்தாடை உடுத்து நிற்கின்றது. மாப்பிள்ளை வீட்டார் முதலில் நோக்குவது வாசலையும் சுவரையுமே. “எங்கள் பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பவில்லை” என்று பெற்றோர் வாயாற் சொல்வதில்லை, சுவர் சொல்லும். கணவனோடு பிணக்கு நேர்ந்தாலும் அவள் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதில்லை. தன் தாயும் சகோதரிகளும் கூப்பிடு தூரத்தில் இருக்க, தன் சுவருக்குள்ளே தானே நிற்பாள். இத்தகைய உறுதி, இந்நாட்டின் வேறு பல பகுதிப் பெண்களுக்கு எளிதிற் கிட்டியதன்று.

சுவரின் கதை இவ்வாறாகத் தரையின் கதை வேறு. அதனை எழுதியவர்களும் பெண்களே. வாவியைச் சூழ்ந்த சதுப்புகளில் விளையும் பன் என்னும் புல்லை அறுத்துக் காயவைத்து, சாயமிட்டு, பாயிழைத்தல் அப்பகுதிப் பெண்களின் தொன்மையான கைத்தொழில். சிறப்பாக முஸ்லிம் பெண்கள் இதில் கைதேர்ந்தவர். இலங்கையின் பாய்களுக்குச் சிவப்பு நிறம் பெரும்பாலும் பதங்கக் கட்டையை வேகவைத்த நீரிலிருந்து கிடைத்தது. மஞ்சள் நிறம் மஞ்சளிலிருந்து வந்தது. சிவப்பும் மஞ்சளும் இயற்கைப் புல்லின் வெண்பழுப்பும் ஒன்றையொன்று கடந்து செல்லும்போது, கட்டமும் வைரவடிவமும் அம்புக்குறியும் தாமே தோன்றும். மணவீட்டிலே விருந்தினர்க்கு விரிக்கும் பாய், வீட்டுப் பெண்களின் கைத்திறனுக்குச் சான்றிதழாயிருந்தது. நாற்காலி இல்லாத வீட்டிலும் நல்ல பாய் இருந்தது.

தறியின் நிறமும் இதனோடு சேரும். மருதமுனை, காத்தான்குடி முதலிய ஊர்கள் கைத்தறிக்குப் பேர்பெற்றவை. மருதமுனை 1961இல் அம்பாறை மாவட்டம் தனியாகப் பிரிக்கப்படுமுன்னர் மட்டக்களப்பு மாவட்டத்தையே சேர்ந்திருந்தது. அங்கு நெய்யப்பட்ட சாரமும் சேலையும் அழுத்தமான நிறக்கரைகளால் அடையாளம் காணப்பட்டன. உடுத்துப் பழகிய நிறமே சுவரிலும் திரையிலும் இடம்பெற்றதில் வியப்பில்லை. கூத்தரங்கை நோக்கினும் இதே சுவையைக் காணலாம். வடமோடிக் கூத்தில் அரசர் அணியும் கரப்புடுப்பும், முடியும், புயக்கட்டையும், கண்ணாடித் துண்டும் பலநிறத் தாளும் பதித்து, வட்டக்களரியின் தீப்பந்த ஒளியிலே மின்னுமாறு செய்யப்பட்டவை. இருளில், தொலைவிலிருந்து, பலர் பார்க்க வேண்டிய பொருளுக்கு மங்கிய நிறம் உதவாது. மண்ணெண்ணெய் விளக்கில் மணம் நடந்த வீட்டுக்கும் அதுவே விதியாயிற்று.

வீட்டுப் பொருள்களின் பெயர்களை நோக்குமிடத்து மற்றொரு வரலாறு புலப்படும். கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், சாவி ஆகிய சொற்கள் யாவும் போர்த்துக்கேய மொழி தந்தவை. சுவருக்குப் பூசும் நிறத்தைக் குறிக்க ஈழத்தில் வழங்கும் தீந்தை என்ற சொல்லும் அம்மொழியின் ‘தின்தா’ என்பதன் திரிபே. கோட்டை கைமாறிய பின்னும் போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்கள் மட்டக்களப்பில் தங்கினர். பறங்கியர் எனப்படும் அவர்கள், போர்த்துக்கேய மொழியின் ஒரு கலப்பு வடிவத்தை இன்றுவரை முற்றும் மறவாது காத்து வந்துள்ளனர். தச்சு, கொல்லு, தையல் முதலிய தொழில்களில் அவர்கள் சிறந்து விளங்கினர். கடைந்த காலுள்ள கட்டிலும், செதுக்கிய முதுகுள்ள கதிரையும் தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் இடம்பெற்றதில் அவர்கள் கைக்குப் பெரும்பங்கு உண்டு. ஆகவே ஒரு வாவிக்கரை வீட்டின் கூடத்திலே முஸ்லிம் பெண் இழைத்த பாயும், பறங்கித் தச்சன் செய்த அலுமாரியும், தமிழ்ப் பெண் இட்ட கோலமும் ஒருங்கே இருத்தல் இயல்பாயிருந்தது.

இந்நிலையில், நிறத்தின் விலையை அடியோடு மாற்றிய நிகழ்ச்சி தொலைவிலே நிகழ்ந்தது. அதற்கு முன்னர் நிறம் என்பது அரும்பொருள். துணிக்குச் சிவப்பு ஊட்டும் சாயவேர் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கிண்டியெடுக்கப்பட்டது. ஒல்லாந்தர் அதனைத் தம் தனியுரிமையாகவே வைத்திருந்தனர். வேர் கிண்டுவதும் ஒரு குலத்தாரின் கட்டாய ஊழியமாயிற்று. 1856இல் இலண்டனில் வில்லியம் பேர்க்கின் என்ற பதினெட்டு வயது மாணவன், மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து காண முயன்றபோது, நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயத்தைத் தற்செயலாகக் கண்டான். 1868இல் செருமானிய வேதியியலறிஞர் கிரேபேயும் லீபர்மானும், சிவப்பு வேர்களுள் அடங்கிய அலிசரின் என்னும் நிறப்பொருளை ஆய்வுகூடத்தில் உண்டாக்கினர். 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. வேருக்கும் இலைக்கும் இருந்த மதிப்பு வீழ்ந்தது. அவற்றை நம்பிய உழவரும் தொழிலாளரும் நலிந்தனர். ஆனால் சிறு சாயப் பொட்டலம் ஒன்று ஊர்ச் சந்தையில் சில சதத்துக்குக் கிடைக்கும் காலமும் அதனாலேயே பிறந்தது.

சாயம் மலிந்ததும் பாயில் பச்சையும் ஊதாவும் வந்தன. கிழக்குக் கரையின் கல்குடா, பாசிக்குடாப் பகுதிகளில் முருகைக்கல்லைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு, வண்டியேறி ஊர்களை அடைந்தது. அதில் ஆடை வெளுக்கும் நீலத்தைச் சிறிது கரைத்தால் வெளிர்நீலச் சுவர். காவியைக் கரைத்தால் செம்மஞ்சட் சுவர். அந்தச் சுண்ணாம்புக்குக் கடலடி முருகைப் பாறை விலையாயிற்று என்பதையும் இங்கே கூறாது விடலாகாது. கரையைக் காத்த பாறை பல இடங்களிற் சிதைந்தது. பிற்காலத்தில் எனாமல் தீந்தையும் சிவப்புச் சீமெந்துத் தரையும் வந்தன.

சந்தையில் விற்கப்படும் பொருளுக்குச் சாதி தெரியாது. வரிசை பார்த்துத் துணி கட்டியவரைக் கட்டுப்படுத்த ஊரால் முடிந்தது. கடையில் ஒரு பேணி தீந்தை வாங்கியவனைக் கட்டுப்படுத்த முடியவில்லை. இரண்டு நாளைய இரவல் நிறத்துக்குப் பதிலாக, ஆண்டு முழுதும் நிலைக்கும் சொந்த நிறம் எல்லார்க்கும் எட்டியது. நெடுங்காலம் மறுக்கப்பட்ட ஒன்றைப் பெற்றவன், அதனைச் சிக்கனமாகப் பயன்படுத்துவான் என்று எதிர்பார்த்தல் தகுமா? வாவிக்கரையின் நிறைவண்ணச் சோடனைக்குக் காரணம் சுவைக்குறைவு என்பார் இவ்வரலாற்றை அறியாதார்.

வியப்புக்குரியது யாதெனில், எளியவர்க்கு நிறம் எட்டிய காலத்தை ஒட்டியே, உலகின் அறிஞர் சிலர் நிறத்தையும் அலங்காரத்தையும் கைவிடுமாறு கூறத் தொடங்கியதாகும். 1910ஆம் ஆண்டளவில் வியன்னா நகரக் கட்டடக் கலைஞர் அடோல்ஃப் லூஸ், அலங்காரத்தைக் குற்றத்தோடு இணைத்துச் சொற்பொழிவாற்றினார். 1925இல் லெ கோபூசியே, வீட்டுச் சுவர்கள் அனைத்துக்கும் வெள்ளை பூசுதலை ஓர் ஒழுக்கக் கடமையாகவே எடுத்துரைத்தார். இக்கருத்துகள் பல்கலைக்கழகங்களின் வழியாகவும் அரசாங்கக் கட்டடங்களின் வழியாகவும் ஆசிய நாடுகளுக்கும் வந்தன. அவற்றுள் உண்மை ஓரளவு உண்டு. வீண் செலவும் போலிப் பகட்டும் கண்டிக்கத்தக்கனவே. ஆயினும் விரும்பித் துறப்பவனின் வெறுமை வேறு. இல்லாதவனின் வெறுமை வேறு. முன்னது துறவு, பின்னது வறுமை.

இலங்கையிலேயே இதற்கு மறுமொழி எழுந்தது. 1964இல் பார்பரா சன்சோனி தொடங்கிய கைத்தறி முயற்சி, அழுத்தமான நிறங்களைக் கொழும்பின் கூடங்களுக்குக் கொண்டு சென்றது. 1969இல் நிறைவுற்ற பெந்தோட்டைக் கடற்கரை விடுதியை அமைத்தவர் ஜெப்ரி பாவா. அதன் நுழைவு மண்டபத்துக்கு, ஏனா டி சில்வாவின் கைவண்ணத்தில் அமைந்த பத்திக் துணிகளே விதானமாயின. பல நிறத் துணிகள் தலைக்குமேலே தொங்க, வந்தவர் அண்ணாந்து நின்றனர். துணியால் விதானம் அமைத்து விருந்தினரை வரவேற்றல் ஈழநாட்டின் பழைய மரபு. வாவிக்கரை மண்வீட்டில் கட்டாடி கட்டிய மேற்கட்டியும் அதனைச் சேர்ந்ததே. ஊரிலே ஊழியம் எனப்பட்டது, விடுதியிலே கலை எனப்பட்டது. செய்தவரின் பெயர் ஒன்றில் மறைந்தது, மற்றதில் போற்றப்பட்டது.

வாவிக்கரை வீட்டுக்குப் பின்னர் வந்த சோதனைகள் பல. 1977இல் நாட்டின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. வெளிநாட்டுத் துணியும் பிளாஸ்ரிக் பாயும் குவிந்தன. தறிகள் பல ஓய்ந்தன. பன்பாய் விருந்தினர்க்குரிய பொருளாகி, பின்னர் அரும்பொருளாயிற்று. 1978 நவம்பர் 23ஆம் நாளிரவு வீசிய சூறாவளி, மட்டக்களப்பின் கூரைகளையும் தென்னந்தோப்புகளையும் ஒருங்கே சாய்த்தது. கிடுகுக்கு ஓலை தந்த மரம் வீழ்ந்தபின், ஓட்டுக்கும் தகரத்துக்கும் மாறியவர் பலர். 1983இலிருந்து பெருகிய போர், வீடு என்ற சொல்லையே ஐயத்துக்குரியதாக்கிற்று. 1990ஆம் ஆண்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் சத்துருக்கொண்டானிலும் நிகழ்ந்த படுகொலைகள், முஸ்லிம்களையும் தமிழரையும் அடுத்தடுத்த மாதங்களில் ஆறாத் துயரில் ஆழ்த்தின. ஒரே கூடத்துப் பாயும் அலுமாரியும் கோலமுமாக இருந்த அயலவர், ஒருவர் சந்தைக்கு மற்றவர் செல்ல அஞ்சினர்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை ஆழிப்பேரலை வந்தது. இலங்கையில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கல்லடி, நாவலடி, காத்தான்குடி, மருதமுனை முதலிய கடலோர ஊர்களில் வீடுகள் அத்திவாரம் மட்டும் எஞ்ச அழிந்தன. கிழக்குக் கரையில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீண்டும் வீடு கட்டலாகாது என்று அரசாங்கம் முதலில் விதித்தது. நாவலடி மக்களுட் பலர், வாவிக்கு அப்பால் திராய்மடுவில் குடியமர்த்தப்பட்டனர். உலகெங்கிலுமிருந்து உதவி வந்தது. அந்நன்றி மறக்கற்பாலதன்று.

ஆயின் அவ்வுதவியில் ஒரு பிழை நேர்ந்தது. வீடுகள் ஏறத்தாழ 500 சதுர அடி அளவில், ஒரே அச்சில் வார்த்தவைபோல் வரிசை வரிசையாக எழுந்தன. அவற்றின் உரிமைப் பத்திரம் பல இடங்களில் குடும்பத் தலைவர் என்று கருதப்பட்ட ஆடவர் பெயரில் எழுதப்பட்டது. அலையிலே அழிந்த வீடு பெண்ணின் சீதனம்; அதற்கு ஈடாக வந்த வீடோ கணவனுக்கு உரியது. சட்டமியற்றிய எவரும் இதனைத் தீய நோக்கோடு செய்யவில்லை. வேறு ஊர்களின் வழக்கத்தை இங்கும் உள்ளதாகக் கருதியதே பிழை. 1876இல் நீதிமன்றம் கைவிட்ட பின்னும் வளவிலே உயிர்வாழ்ந்த ஓர் ஒழுங்கு, ஒரு விண்ணப்பப் படிவத்தின் ஒற்றைக் கோட்டால் அசைக்கப்பட்டது. மனைவியை அலைக்குக் கொடுத்த கணவன் மறுமணம் செய்துகொண்டால், இறந்தவளின் மகளுக்கு எந்த வீடு? அடுத்த மகளுக்குரிய வீட்டை எந்த வளவில் எழுப்புவது? இவ்வினாக்கள் பல குடும்பங்களில் வழக்காகவும் மனவருத்தமாகவும் முடிந்தன. ஆய்வாளர் சிலரும் பெண்கள் அமைப்புகளும் இக்குறையை எடுத்துக்காட்டினர்.

அந்த ஒரே அச்சு வீடுகள் நெடுநாள் அவ்வாறே இருக்கவில்லை. முதலில் முற்றம் மெழுகப்பட்டது; பின்னர் பூஞ்செடி; அதன்பின் முகப்பில் ஒரு விறாந்தை. ஒருவர் வீட்டைப் பச்சையாக்கினால், அடுத்தவர் செம்மஞ்சளாக்கினார். பத்திரம் யார் பெயரில் இருந்தபோதிலும், நிறத்தைத் தெரிவு செய்தவள் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணே. எண்ணால் அறியப்பட்ட வீடு, “அந்த நீல வீடு” என்றும் “ஊதா வீட்டுக்காரி” என்றும் அறியப்படலாயிற்று. எல்லாம் இழந்து வந்தவர்க்கு, ஒரு பேணி தீந்தை ஆடம்பரமன்று. “இது எனது” என்னும் கையொப்பம் அது.

இவ்வண்ணத்தின் மறுபக்கத்தையும் சொல்லல் வேண்டும். 1970களின் பிற்பகுதி தொடக்கம், கிழக்கிலிருந்து பெண்கள் பலர் வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்றனர். தம் மகளின் வீட்டுக்குச் சுவர் எழுப்ப, பிறர் வீட்டின் சுவரைத் துடைத்தனர். அனுப்பிய பணத்தில் ஓடும் தளமும் மின்னும் யன்னலும் வந்தன. தாயின் முகத்தைக் காணாது பிள்ளைகள் வளர்ந்தனர். சீதன வீட்டின் அளவும் அலங்காரமும் ஆண்டுக்காண்டு ஏறியதால், வீடு முடியாத காரணத்தால் மணம் தள்ளிப்போன மகளிர் உளர். கடனில் மூழ்கிய தந்தையரும் உளர். பெண்ணுக்கு உறுதி தரப் பிறந்த வழக்கம், பெண்ணைப் பெற்றவர்க்குச் சுமையாகவும் கூடும். வீடு பெண்ணுக்கு உரியதாதல் நன்று. வீடில்லாத பெண்ணுக்கு மதிப்பில்லை என்பது தீது. இவ்விரண்டையும் பிரித்தறிதலே அப்பகுதிச் சமுதாயத்தின் முன்னுள்ள பணி.

வண்ணம் தன்னளவில் உயர்வுமன்று, தாழ்வுமன்று. அதனை யார் பூசலாம், யார் பூசலாகாது என்று விதிக்கும்போதுதான் அது வரலாற்றுக்குள் நுழைகின்றது. சுண்ணாம்புக்கு அரசன் அனுமதி வேண்டியிருந்த நாளிலிருந்து, துணிக்கு ஊரின் அனுமதி வேண்டியிருந்த நாள் கடந்து, எவர் அனுமதியுமின்றி எந்நிறத்தையும் பூசலாம் என்ற நாள் வரை, மட்டக்களப்பு வீடு நெடுந்தொலைவு நடந்து வந்திருக்கின்றது.

மாலையில், படுவான்கரையில் சூரியன் சாயும்போது, எழுவான்கரை வீடுகளின் மேற்குச் சுவர்களில் ஒளி வீழும். பச்சை, மஞ்சள், ஊதா, நீலம் யாவும் வாவி நீரிலே நடுங்கித் தோன்றும். கண் கூசுகின்றது என்று ஒருவர் முகந் திருப்பிச் செல்லலாம். அச்சுவர்களுக்குள்ளே இருப்பவளோ, அடுத்த தைப்பொங்கலுக்கோ பெருநாளுக்கோ என்ன நிறம் பூசலாம் என்று தன் மகளோடு கலந்து பேசிக்கொண்டிருப்பாள். அவளிடம் எவரும் வரிசை கேட்பதில்லை.